அவிழ்க்காத காப்பு

தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாளன்று, கட்ட வேண்டிய பூசாரியே கோயிலை விட்டு ஓடிவந்துவிட்டார்.

கோதண்டம் பூசாரிக்கு அறுபது வயது. மூன்று தலைமுறையாகத் திரௌபதி அம்மனுக்குப் பூசை செய்யும் குடும்பம். அவருடைய குரு ஞானாம்பாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடத்தில் தனியாக இருந்தார். வயசில் சின்னவள் காலில் விழுகிறாரே என்று ஊரில் சிரித்தவர்கள் உண்டு. பூசாரி அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவர் வந்தபோது ஞானாம்பாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, காப்பு எதுக்குக் கட்டறோம்?"

"நாப்பது வருஷமா கட்டறவர் நீங்க. நீங்களே சொல்லுங்க."

"அம்மனுக்குக் கட்டுப்பட்டவன்னு அடையாளம். கட்டிக்கிட்டவன் பத்து நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது."

"இதைச் சொல்லவா நாலு மைல் ஓடிவந்தீங்க?"

பூசாரி உட்கார்ந்தார். மூச்சு அடங்கியதும் போன வருஷத்துக் கதையைச் சொன்னார்.

ஏழுமலை என்பவன்தான் திருவிழாவில் கரகம் எடுப்பவன். கரகம் முதலில் இறங்கினால்தான் மற்றவர்கள் நெருப்பில் இறங்குவார்கள். அவன் மனைவி தனக்கோடி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். திருவிழாவின் ஆறாம் நாள் சேதி வந்தது. குழந்தை தங்கவில்லை, ரத்தம் நிற்கவில்லை, அவள் புருஷனைக் கூப்பிட்டபடியே கிடக்கிறாள் என்று. ஏழுமலை கோயிலுக்கு ஓடிவந்து கையை நீட்டினான்.

"'அவுத்து விடுங்க பூசாரி, போய்ப் பாத்துட்டு வந்துடறேன்'னான். கட்டினதை நடுவுல அவுக்கற வழக்கம் கெடையாதுன்னு சொன்னேன். மீறிப் போனா ஊருக்கே ஆகாதுன்னேன். போகல."

"அந்தப் பொண்ணு?"

"ஒம்பதாம் நாள் விடியக்காலம் செத்துப்போச்சு. கொள்ளி போட இவன் இல்ல. காப்புக் கட்டினவனுக்குத் தீட்டு இல்லன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. பத்தாம் நாள் கரகம் எடுத்தான். நெருப்புல எறங்கினான். கால்ல ஒரு கொப்புளம்கூட இல்லம்மா."

கால் சுடவில்லை என்பதை ஊரே ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிப் பூரித்தது. தனக்கோடியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

"இன்னைக்கு என்ன ஆச்சு?" என்றார் ஞானாம்பாள்.

"வரிசைல மொத ஆளா வந்து நின்னான். கையை நீட்டினான். இந்த வருஷம் வேணாம்டா ஏழுமலைன்னேன். 'கட்டுங்க பூசாரி. இதை விட்டுட்டா, அப்ப அவ எதுக்குச் செத்தா?'ன்னு கேட்டான். எனக்குக் கை ஓடல. நூலோட வந்துட்டேன்."

பூசாரியின் உள்ளங்கையில் மஞ்சள் துண்டு கட்டிய நூல் ஒன்று வியர்வையில் நனைந்திருந்தது.

ஞானாம்பாள் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு வலது கையை நீட்டினார்.

"எனக்குக் கட்டுங்க."

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"கட்டுங்க."

பூசாரி கட்டினார். மூன்று முடிச்சு. இத்தனை வருஷப் பழக்கம்.

ஞானாம்பாள் சட்டென்று எழுந்தார். முகம் மாறியிருந்தது.

"நான் போகணும். ஒரு உசுரு என்னைத் தேடுது. அவுத்து விடுங்க."

பூசாரி அந்தக் குரலில் பதறிப்போனார். யோசிக்கவில்லை. மடியில் இருந்த மஞ்சள்பொடியைச் செம்புத் தண்ணீரில் கரைத்து ஞானாம்பாளின் மணிக்கட்டில் மூன்று தரம் விட்டார். வாய் ஏதோ முணுமுணுத்தது. முடிச்சுகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார். நூலைத் தரையில் படாமல் எடுத்துப்போய், மடத்து முற்றத்தில் நட்டிருந்த சூலத்தில் கட்டினார்.

"இனி அம்மன் சுமப்பா. நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

ஞானாம்பாள் எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அவரைப் பார்த்தார்.

"யார் சொல்லிக் குடுத்தது இது?"

பூசாரியின் கை இன்னும் சூலத்தின் மேல் இருந்தது.

"எங்கப்பா."

"எப்போ?"

"எனக்குப் பதினஞ்சு வயசுல."

பூசாரி அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"கரகம் எடுக்க வேற ஆள் இல்லம்மா. அவன் போய் ஏதாவது ஆயிட்டா, திருவிழா நின்னுடும். என் காலத்துல நின்னுதுன்னு பேர் வந்துடும்னு பயந்தேன். அந்தப் பொண்ணு ரெண்டு நாள்ல பொழைச்சுக்கும்னு நெனைச்சேன். சத்தியமா நெனைச்சேன்."

"இப்படி அவுக்கற முறை ஊர்ல வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. பூசாரி வீட்டோட சரி."

"பொழுது சாயறதுக்குள்ள போங்க. ஏழுமலை கேட்டா அவனுக்கும் கட்டுங்க. ஆனா கட்டறதுக்கு முன்னாடி, எப்படி அவுக்கறதுன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

பூசாரி நிமிர்ந்தார்.

"சொன்னா, போன வருஷமே எனக்குத் தெரியும்னு அவனுக்குப் புரிஞ்சுடுமே."

"புரியும்."

"அவ வீணாத்தான் செத்தான்னும் புரிஞ்சுடும். அதை அவன் தாங்கமாட்டாம்மா."

ஞானாம்பாள் சூலத்திலிருந்த நூலைக் காட்டினார்.

"அவன் எதைத் தாங்குவான், எதைத் தாங்கமாட்டான்னு போன வருஷமும் நீங்கதான முடிவு பண்ணீங்க, பூசாரி?"