பறந்து வந்த தலைவரும் பாவாயியின் பால் கேனும்

கொளப்பட்டியிலிருந்து எங்கே போவதானாலும் ஆற்றைத் தாண்ட வேண்டும். வெள்ளம் வந்தால் பரிசலும் ஓடாது. பாலம் கட்டாமல் ஓட்டுப் போடுவதில்லை என்று ஊரே ஒரே பிடியாக நின்றது.

வெள்ளம் கரைபுரண்ட ஒரு நாள், ஒன்றியத் தலைவர் தணிகாசலம் முதுகில் ஜெட் எந்திரத்தைக் கட்டிக்கொண்டு அக்கரையிலிருந்து பறந்து வந்து இறங்கினார்.

“பார்த்தீங்களா? ஒரே நிமிஷம்! ஊருக்கு இதுல ஒண்ணு வாங்கித் தர்றேன். பாலம் எதுக்கு?”

பால்காரி பாவாயி பால் நிறைந்த கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வெள்ளம் வந்ததிலிருந்து அவள் கறந்த பால், அக்கரைச் சொசைட்டிக்குப் போகாமல் வீட்டிலேயே திரிந்துகொண்டிருந்தது.

“ரொம்ப நல்லதுங்க. இந்தக் கேனை மட்டும் அக்கரையில சேர்த்திடுங்க. பாலமே வேண்டாம்னு நானே சொல்லிடுறேன்.”

“இவ்வளவுதானா?”

படம் பிடிக்க எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். எந்திரத்தை ஓட்ட இரண்டு கையும் வேண்டும் என்பதால், தலைவர் கேனை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். எந்திரம் அலறியது. கோழிகள் பறந்தன, தலைவர் பறக்கவில்லை.

“இன்னுங் கொஞ்சம் முறுக்குங்க, கிளம்பிடும்!” என்றாள் பாவாயி.

முறுக்கினார். முறுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் எந்திரம் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. டேங்க் காலி.

அக்கரையில் நின்ற டிரைவருக்குப் போன் போட்டார். “டேய், எண்ணெய் கொண்டு வாடா!”

“எதுலங்கய்யா வர்றது?”

தலைவர் ஆற்றைப் பார்த்தார். பிறகு பாவாயியைப் பார்த்தார். “இப்ப நான் எப்படிம்மா அக்கரைக்குப் போறது?”

பாவாயி கேனை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: “அதைத்தானுங்க நாங்களும் இத்தனை வருஷமா உங்களைக் கேட்டுக்கிட்டிருக்கோம்.”