அறைக்குள் போன விளையாட்டு

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். 'இதை நீ சொல்லவே இல்லையே' என்று அப்போது என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது. வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது.

தூத்துக்குடியில் ஜெபசிங் என்று ஒருவன். கப்பல் ஏஜென்சியில் வேலை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் கன்சோலைப் போட்டுவிடுவான். பேய் விளையாட்டு என்றால் அவனுக்கு உயிர். பாழடைந்த பங்களா வேண்டும், கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடும் சத்தம் வேண்டும். பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். பேய் பாய்ந்தால் "ஐயோ, அம்மா" என்று வீடு அதிர அலறுவான். அலறி முடித்துவிட்டு மறுபடியும் அதே கதவைத் திறப்பான்.

பக்கத்து நாற்காலியில் அவன் அப்பா ஞானமுத்து இருப்பார். உப்புக் கிடங்கில் காலமெல்லாம் காவல் பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. இடது கையில் மட்டும் அந்தப் பழைய காவல் கம்பை விடாமல் பிடித்திருப்பார். டிவியில் பேய் உறுமும், மகன் அலறுவான். அவர் டிவியை ஒரு பார்வை, மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரிப்பார்.

வேலை மாற்றலாகிப் போன நண்பன் ஒருவன் தன் கேமிங் கம்ப்யூட்டரை ஜெபசிங்கிடம் விட்டுப் போனான். கொஞ்ச நாள் விளையாடிப் பார், பிடித்தால் வைத்துக்கொண்டு கன்சோலை எனக்குக் கொடு என்றான். ஜெபசிங்குக்கு வாயெல்லாம் பல். படம் அப்படியொரு தெளிவு, கன்சோலில் வராத விளையாட்டெல்லாம் இதில் வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் அரித்தது. கன்சோல் ஹாலில் இருந்தது, அப்பாவும் கண்ணெதிரில் இருந்தார். கம்ப்யூட்டருக்கு மேசை வேண்டும், மேசையோ படுக்கையறையில். நாம் உள்ளே இருக்கும்போது அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கூப்பிடக் குரல் இல்லாத மனுஷர்.

பயத்தோடேயே மாறினான். அப்பாவுக்குத் தொந்தரவு வேண்டாமென்று கதவைச் சாத்திக்கொண்டான், காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவருக்குப் பொழுது போக டிவியில் சீரியல் போட்டு, ரிமோட்டையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் அவர் இடது கைக்கு எட்டும்படி வைத்தான். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது.

அன்று முதல் அந்த வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலமானால் அவர் கண் அறைக் கதவிலேயே நிற்கும். அடுக்களையில் ஜெபசிங்கின் மனைவி பியூலா கரண்டியைக் கை நழுவவிடுவதும் அந்த நாட்களில் அதிகமாயிற்று. மகன் வெளியே வந்தால் அப்பா அவன் கையைப் பிடித்து இழுத்து, தோள், கழுத்து, முகம் எல்லாம் தடவிப் பார்ப்பார். போகிற நேரம் தெரிந்துதான் இப்படி விடைபெறுகிறாரோ என்று ஜெபசிங் நினைத்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பியூலா ஜெபத்துக்காகக் கோயிலுக்குப் போயிருந்தாள். பேய் பாய்ந்தது, ஜெபசிங் அலறினான். கொஞ்ச நேரம் கழித்து எங்கோ கதவு இடிபட்டது. விளையாட்டுக்குள்தான் என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றினான். இடி நிற்கவில்லை. அவன் அறையின் கதவுதான் அதிர்ந்துகொண்டிருந்தது. எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.

திறந்தபோது அப்பா வாசற்படியில் குப்புறக் கிடந்தார். நெற்றி பிளந்து ரத்தம். ஹால் முழுக்க உடம்பை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கம்பை ஊன்றவில்லை, ஓங்கிப் பிடித்திருந்தார். அவர் கண் மகனைத் தாண்டி அறை மூலைகளில் எதையோ தேடியது. சொம்புத் தண்ணீர் தளும்பாமல் வைத்தபடியே இருந்தது. சீரியலும் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் தையல் போட்டார். இன்னொரு முறை இப்படி விழுந்தால் ஆள் தாங்கமாட்டார் என்றார். மறுநாள் நண்பன் பதில் கேட்டு வருகிறான். வீடே பயந்து உட்கார்ந்திருந்தது.

செய்தி கேட்டு வந்த அக்கா எஸ்தர்ராணி சொன்னாள்: "ஏல ஜெபா, அப்பாவுக்கு அந்த வெளாட்டப் பாக்காத ஏக்கம்தான். கம்ப்யூட்டர நீ வச்சுக்க, கன்சோலக் குடுத்துராத. நான் தெனமும் வந்து அவரு பக்கத்துல உக்காந்து வெளாடுதேன்."

ஜெபசிங் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என்னை அழைக்க முடியாமல்தான் வந்திருக்கிறார், நாற்காலியில் ஒரு பொத்தான் வைத்துவிடுகிறேன், அமுக்கினால் என் மேசையில் விளக்கு எரியும் என்றான்.

பியூலா கடைசியில் வாய் திறந்தாள். "அத்தான், எத வேணா வச்சுக்கிடுங்க. அந்த ஹெட்போன மட்டும் கழட்டிருங்க. கதவத் தெறந்து வச்சு, சத்தத்தோட வெளாடுங்க."

நோயாளி இருக்கிற வீட்டில் பேய்ச் சத்தமா என்று அக்கா கோபித்துக்கொண்டாள்.

மூவருக்கும் அவர்மேல் பாசம்தான். இவர்களில் யார் சொன்னது சரி? அந்த மனுஷர் எதற்காக அவ்வளவு தூரம் ஊர்ந்து வந்தார்?

விடை இதுதான். சரியாகச் சொன்னவள் பியூலா. ஏக்கம் என்றால் மகன் உடம்பைத் தடவிக் காயம் தேடமாட்டார். தாகத்துக்குத் தண்ணீர் கையருகே இருந்தது, உதவி கேட்க வருகிறவர் கம்பை ஓங்கமாட்டார். கன்சோல் காலத்தில் பேயின் உறுமலும் மகனின் அலறலும் சேர்ந்து கேட்டன, அதனால் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஹெட்போன் பேயை விழுங்கிவிட்டது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளையின் "ஐயோ, அம்மா" மட்டும் தினமும் அவருக்குக் கேட்டது. அடுக்களையில் கரண்டியை நழுவவிட்டவளுக்கு அது தெரியும். அப்பாவுக்குத் தான் காவல் இருப்பதாக ஜெபசிங் நினைத்துக்கொண்டிருந்தான். அவரோ, பாதி உடம்போடு அவனைக் காப்பாற்ற வந்தார். கன்சோல் நண்பனோடு போயிற்று, கம்ப்யூட்டர் வீட்டிலேயே தங்கியது. மறுநாள் சாயங்காலம், திறந்த கதவுக்குள் பேய் உறுமியது, ஜெபசிங் அலறினான். நெற்றிக் கட்டோடு ஹாலில் இருந்தவர் கம்பை மடியில் கிடத்திவிட்டு, வாய் கோணச் சிரித்தார்.