சடையன் பேருக்குக் குத்தகை

செம்மலை நாட்டு ராஜா மகிழேந்திரனுக்கு இரண்டு விஷயத்தில் பித்து. ஒன்று குஸ்தி. இன்னொன்று, கடைசியாக யார் வந்து காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னபடி ஆடுவது. அதனால் அரண்மனையில் விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் கடைசி ஆளாகத்தான் பேசப் போவார்கள். சபையில் வேடிக்கை பேசிப் பிழைக்கிற விடங்கனும் அப்படித்தான். ஆனால் பாருங்கள், அந்த வாரம் அவன் மாமனார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தான். வயிறு முட்டத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தால், வாசலில் சடையன் பயில்வான் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான்!

ஏழு நாட்டு மல்லர்களை மண்ணைக் கவ்வ வைத்தவன் சடையன். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதால் பார்க்கச் சகிக்குமா?

"என்னப்பா, யாராவது அடிச்சுட்டாங்களா?"

"அடிச்சிருந்தா திருப்பி அடிச்சிருப்பேனே ஐயா! என் பேரையே பிடுங்கிட்டாங்க!"

விஷயம் இதுதான். சடையனுக்கு அரண்மனையில் மாதச் சம்பளம் உண்டு. ஜெயித்தால் பரிசு தனி. அது போக, அவன் கோதாவில் கட்டுகிற சிவப்புக் கச்சையைப் போலவே தைத்து அவன் மனைவி பூவாயி சந்தையில் விற்றாள். மீசை முறுக்கிய சடையன் பொம்மையைக் குயவர் ஒருவர் செய்து விற்று, அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்தார். அந்தப் பொம்மை இல்லாமல் ஊரில் ஒரு பிள்ளை தூங்காது.

எண்ணெய் வியாபாரி தனகோடிக்கு இதைப் பார்த்து வயிறு எரிந்தது. நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, சடையன் தின்னுறது அரண்மனைச் சோறு. அப்போ அவன் பேரும் அரண்மனைச் சொத்துதானே? ஆயிரம் வராகன் தர்றேன். அவன் பேரு, மீசை, கச்சை எல்லாத்தையும் எனக்குக் குத்தகைக்கு விட்டுடுங்க."

ராஜா தலையாட்டிவிட்டார். தனகோடி லேசுப்பட்ட ஆளா? 'குத்தகைக்காரர் தவிர வேறு எவரும் சடையன் பேரில் எதுவும் செய்யக் கூடாது, செய்தால் நூறு கசையடி' என்று ஓலையில் எழுதி முத்திரையும் வாங்கிக்கொண்டார். மறுநாளே பூவாயியின் கச்சைகளைக் காவலர்கள் அள்ளிப் போனார்கள். தெருத் தெருவாக முரசு முழங்கியது: "தனகோடி நல்லெண்ணெய்! சடையன் தேய்ப்பது இதைத்தான்! ஒரு கை தேய்த்தால் யானை பலம்!"

"அந்த எண்ணெயை நான் மோந்துகூடப் பார்த்ததில்லை ஐயா," என்றான் சடையன். "என் முட்டி இப்பவே கடகடங்குது. மிஞ்சிப் போனா ரெண்டு வருஷம் கோதாவுல நிப்பேன். அப்புறம் சம்பளம் ஏது, பரிசு ஏது? இந்தப் பேரை வச்சுத்தான் நானும் பூவாயியும் கஞ்சி குடிக்கணும்."

விடங்கனுக்கு மனசு கலங்கிவிட்டது. தின்ற விருந்து நெஞ்சில் நின்றது. மோவாயைத் தடவினான். பிறகு கேட்டான்: "கருங்காட்டுக் காளிங்கன் உன்னோட குஸ்திக்கு எப்போ வர்றான்?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"பேஷ்! நீயும் சபைக்கு வா. நான் சொல்ற வரைக்கும் அசையாதே."

வெள்ளிக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. அந்த நாட்டுக் குஸ்திக்கு ஒரு வழக்கம் உண்டு. சவால் விடுகிற மல்லன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு பிடி கோதா மண்ணும் வைத்து, எதிராளி பேரைச் சொல்லி நீட்டுவான். பேருக்கு உரியவர் தன் கையால் அந்த மண்ணைத் தொட வேண்டும். தொட்டால் உடனே குஸ்தி. தொடாவிட்டால் நாடே தோற்றதாக அர்த்தம்.

காளிங்கன் வந்தான். வாசல் நிலை அவன் தோளில் இடித்தது. தாம்பாளத்தை நீட்டி, "சடையன்! வா!" என்று கர்ஜித்தான்.

சடையன் அசையவில்லை. ராஜா சிம்மாசனத்தை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

"என்னடா உட்கார்ந்திருக்கே? எழுந்திரு!"

"எப்படி எழுந்திருப்பான் மகாராஜா?" என்று விடங்கன் முன்னால் வந்தான். "அந்தப் பேர்ல இவன் எதைச் செஞ்சாலும் நூறு கசையடின்னு நீங்கதானே முத்திரை போட்டீங்க? பேரு இப்போ தனகோடி ஐயாவோடது. மண்ணைத் தொட வேண்டியவர் அவர்தான்!"

தனகோடியின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "நானா? நான் வியாபாரி! எனக்குக் குஸ்தி தெரியாதே!"

"குஸ்தி எதுக்கு? ஒரு கை தேய்ச்சா யானை பலம்னு ஊரெல்லாம் முரசடிச்சீங்களே. யாரப்பா அங்கே, ஐயாவோட எண்ணெயிலயே ஒரு குடம் கொண்டா!"

ராஜாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "கொண்டு வாங்க, தேய்ங்க!" என்று உத்தரவு போட்டார். நாலு காவலர்கள் தனகோடியைப் பிடித்து உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெயால் முழுக்காட்டினார்கள். காளிங்கன் தொடையைத் தட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தான்.

"ஐயோ மகாராஜா! எண்ணெயில ஒரு பலமும் இல்லை! பலமெல்லாம் அவன் உடம்புல!"

"அப்போ அந்த உடம்பு சம்பாதிச்ச பேரு?" என்றான் விடங்கன்.

"அவனுக்கே! அவனுக்கே!"

சொல்லிக்கொண்டே தனகோடி காவலர்கள் கையிலிருந்து வழுக்கினார். காளிங்கனின் கால் நடுவே புகுந்தார். கட்டிய குத்தகைப் பணத்தைக்கூடக் கேட்கவில்லை, ஒரே ஓட்டம்! குதிரைக்காரர்கள் துரத்தியும் பிடிக்க முடியவில்லை.

ராஜா ஓலையைச் சுக்கு நூறாகக் கிழித்தார். சடையன் எழுந்து மண்ணைத் தொட்டான். அரை நாழிகையில் காளிங்கன் அதே மண்ணில் மல்லாந்து கிடந்தான். தனகோடி விட்டுப்போன ஆயிரம் வராகன் பூவாயிக்குப் போய்ச் சேர்ந்தது. விடங்கன் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.

"இனிமே சடையன் பேரை யார் எடுத்தாலும் அவனைக் கேட்டு, அவனுக்குக் கொடுத்துட்டுத்தான் எடுக்கணும்," என்றார் ராஜா. பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனாலும் பாவம், தனகோடி எண்ணெயை இனிமே எவன் வாங்குவான்?"

"ஏன் வாங்க மாட்டாங்க மகாராஜா? அதைத் தேய்ச்சுக்கிட்டு ஓடினா குதிரைகூடப் பிடிக்க முடியாதுன்னு ஊரே கண்ணால பார்த்துச்சே! அமோகமா விக்கும். ஆனா முரசடிக்கும்போது தனகோடி ஓடின ஓட்டத்தைச் சொல்லணும்னா, முதல்ல அவரைத் தேடிப் பிடிச்சு, அவர் சம்மதத்தைக் கேட்டு, அதுக்கு உண்டான காசைக் கொடுத்துடணும். ஓடினது அவரோட சொந்தக் கால் பாருங்க!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.