மந்திரி காலில் ஏறின எறும்பு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, மாங்குளச் சீமையைச் செண்பகமாறன்னு ஒரு ராசா ஆண்டான். நல்லவன்தான், ஆனா நேரத்துக்கொரு புத்தி. ஒருநா தூக்கம் கெட்டுப்போச்சுன்னு, இனிமே சேவல் கூவக்கூடாதுன்னு தண்டோரா போட்டான். சனங்க சேவலையெல்லாம் கூடையில கவுத்தாங்க. மறுநா ராசா உச்சிவேளைக்கு எந்திரிச்சு, ஏன் என்னை எழுப்பலைன்னு சேவலுக்கெல்லாம் அபராதம் போட்டான். அந்த அபராதத்தை யார் கட்டினாங்கங்கிறது தனிக் கதை. அதை விடுங்க, மந்திரிகிட்ட வரேன்.

மந்திரி பேரு அம்பலவாணர். அந்த வருசம் ஏரி வெட்டுற சனங்களுக்குப் பானகம் கொடுக்க, அரண்மனைக் கிடங்குல வெல்லம் குவிச்சு வச்சிருந்தாங்க. சனங்களுக்கு வந்ததோ வெறும் தண்ணி. வெயில்ல மயங்கி மயங்கி விழுந்தாங்க. ராசா கிடங்கை மந்திரிகிட்ட ஒப்படைச்சான். அதுவரைக்கும் அதைப் பார்த்துக்கிட்ட வல்லபராயருக்கு வயிறு எரிஞ்சுது. ஆனாலும் மேற்பார்வைன்னு சொல்லிக்கிட்டு தினமும் உள்ள போய் வந்தாரு. மந்திரி பூட்டை மாத்தினாரு, காவலை மாத்தினாரு. வெல்லம் குறையுறது மட்டும் நிக்கல. மனுசனுக்குத் தலை நரைச்சதுதான் மிச்சம்.

ராயர் ராசா காதைக் கடிச்சாரு. "வெல்லக் கிடங்குல இருக்கிறவன் விரலை நக்காம இருப்பானா மகாராஜா?"

ராசாவுக்கு உடனே சந்தேகம் வந்துடுச்சு. நாளைச் சாயங்காலத்துக்குள்ள சுத்தம்னு நிரூபிக்கலைன்னா நாடு கடத்திடுவேன்னுட்டான். மந்திரி பெருமூச்சு விட்டாரு. சாயங்காலம் கிடங்கு வாசலுக்கு வாங்க, அது போதும்னாரு.

மறுநா கிடங்கு பூட்டுற நேரம், ராசாவும் வந்துட்டான். உள்ள இருந்து வந்த அத்தனை பேரையும், ராயரையும் சேர்த்து, வாசல்ல இருந்த வேப்பமரத்தடியில அசையாம நிக்கச் சொன்னாரு மந்திரி. தானும் போய் நின்னாரு. அங்க கட்டெறும்புப் புத்து இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல ஒருத்தன் நெளிஞ்சான், இன்னொருத்தன் குதிச்சான். ராயர் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னாரு, நின்னாரு, கடைசியில ஆடின ஆட்டத்துல மடியில இருந்த வெல்லக்கட்டி பொத்துன்னு விழுந்துச்சு. ஆனாலும் வாய் ஓயல. "மகாராஜா, மந்திரி காலைப் பாருங்க."

பார்த்தா, அவரு காலிலயும் எறும்பு.

ராசா முகம் சிவந்துபோச்சு. "நீருமா மந்திரியாரே?"

"எறும்பு பொய் சொல்லலை மகாராஜா. இவங்க சிந்தினதை மிதிக்காம அந்தக் கிடங்குல நடக்க வழியில்லை. எனக்குக் கணுக்காலோட நின்னுடுச்சு. இவங்களுக்கு மடி வரைக்கும் ஏறியிருக்கு. என் கைக்கு நான் பொறுப்பு, காலுக்கு என்னால சத்தியம் பண்ண முடியலை." கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னாரு, "உங்க மீசையிலயும் ரெண்டு ஊருது."

ராசா மீசையைத் தடவினான். தினமும் சாயங்காலம் ராயர் வீட்டுல இருந்து வர்ற அதிரசம் நெனப்புக்கு வந்துச்சு. ஒருத்தரும் சிரிக்கல.

ராயரை ஏரிக்கரையில பானகக் குடம் சுமக்க அனுப்பிட்டு, மந்திரிகிட்ட என்ன வேணும்னு கேட்டான் ராசா.

"வீட்டுக்குப் போக விடுங்க மகாராஜா. அலுத்துப்போச்சு."

"நீரும் போயிட்டா உள்ள யார் இருப்பா?"

மந்திரி குனிஞ்சு கால்ல இருந்த எறும்பைத் தட்டிவிட்டாரு. அப்புறம், கிடங்கு வாசல்ல ஒரு தொட்டி தண்ணி மட்டும் வைக்கச் சொன்னாரு.

ஏரி வெட்டுற சனங்களுக்கு அன்னையிலேர்ந்து பானகம் இனிச்சுது. மந்திரி தினமும் சாயங்காலம் அந்தத் தொட்டியில காலைக் கழுவிட்டு வீட்டுக்குப் போவாரு. விடிஞ்சா மறுபடி உள்ள போவாரு.