சபாபதி கொண்டுவந்த தந்தப்பிடி

சேந்தனூர் ஜமீன்தாருக்குப் பழைய கத்திகளைச் சேர்ப்பதில் பித்து. அவற்றைத் துடைத்து வைப்பது வேலைக்காரி இருளாயி. ஒருநாள் பட்டணத்து வியாபாரி சபாபதி ஒரு குத்துவாளோடு வந்து, "சுத்தமான யானைத்தந்தப் பிடி" என்று நீட்டினார். அதைத் துடைத்து ஜமீன்தாரிடம் கொடுத்த இருளாயி, "இது தந்தமில்லைங்க சாமி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.



"துணி பிடிக்கிறவளுக்குத் தந்தம் தெரியுமா?" என்று சீறினார் சபாபதி. "நிரூபிக்கட்டும்! ஆனால் நெருப்பு கூடாது, ஊசி கூடாது, இனி அவள் விரலும் இதன்மேல் படக்கூடாது."

ஜமீன்தார் முகம் சிவந்தது. "முடியாவிட்டால் பிள்ளைகுட்டிகளோடு இன்றே ஊரைவிட்டுப் போய்விடு."

இருளாயி முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் தொடலைங்க. சாமியே பிடியைக் கட்டைவிரலால சூடு ஏறத் தேய்ச்சு, மோந்து பாருங்க."

சபாபதி பதறிக் கைநீட்டினார். ஜமீன்தார் கொடுக்கவில்லை. அழுத்தித் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். புருவம் நெரிந்தது.

"கோயில் வாசம் அடிக்கிறதே!"

"கற்பூரமுங்க சாமி. கற்பூரம் கலந்து செய்யிற போலிச் சரக்கு. என் சீமைச் சீப்பும் இதுலதான் செஞ்சது, தேய்ச்சா இதே வாசம்தான்." பிறகு சபாபதியிடம் திரும்பிப் பணிவாகக் கேட்டாள்: "ஒருவேளை ஐயாவோட யானை கற்பூரம் தின்னு வளந்துச்சுங்களா?"

சபாபதி வண்டி பூட்டச் சொல்லி எழுந்தார்.

"உட்காரும்" என்றார் ஜமீன்தார். போன வருஷம் அவரிடம் வாங்கிய நான்கு கத்திகளையும் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தார்.