இளமையைத் தேடிப் போன இருவாச்சி

செங்கண்ணனும் வெண்கண்ணியும் மலைக்காட்டில் வாழ்ந்த இருவாச்சிகள். கணவன் மனைவி. பெரிய மூக்கு, அதன்மேல் தொப்பி கவிழ்த்ததுபோல ஒரு கொம்பு, பறந்தால் காடே திரும்பிப் பார்க்கும் இரைச்சல். இருவரும் ஒரே பருவத்தில் முட்டையிலிருந்து வந்தவர்கள். இந்தக் கதை நடந்த ஆண்டு ஆலம்பழம் பழுத்து உதிர்ந்தால் இருவருக்கும் முப்பது.

அப்போது வெண்கண்ணி சிறையில் இருந்தாள். குற்றம் ஒன்றும் செய்யவில்லை. முட்டை இட்டாள், அவ்வளவுதான். இருவாச்சிக் குலத்தின் வழக்கம் அப்படி. பெண் மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைக்க வேண்டும். மூக்கு நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவாள். உடும்பும் பாம்பும் உள்ளே வர முடியாது. அவளும் வெளியே போக முடியாது. போதாக்குறைக்கு அந்த நாட்களில் அவள் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். குஞ்சு வளரும்வரை ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அவன் வராவிட்டால் உள்ளே இரண்டு உயிர் பட்டினி.

செங்கண்ணன் முதலில் நல்ல கணவனாகத்தான் இருந்தான். விடியும்போதே சிறகோசை கேட்கும். மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு, தொண்டைக்குள் அடக்கி வந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவான். எந்த மரம் பழுத்திருக்கிறது, யார் வீட்டில் சண்டை என்று ஊர்க்கதையும் சொல்வான். வெண்கண்ணிக்கு உலகம் என்பது அந்தக் கீறலும், அதில் தெரியும் அவன் மூக்கும்தான். அதுவே போதும் என்று இருந்தாள்.

ஒரு நாள் ஆலமரத்தில் ஓர் இளவட்ட இருவாச்சி அவனுக்கு வழிவிட்டு, “முதல்ல நீங்க சாப்பிடுங்க பெரியப்பா” என்று சொல்லிவிட்டது. மரியாதைக்குச் சொன்னதுதான். செங்கண்ணனுக்கு அன்று பழம் இறங்கவில்லை.

“என்னைப் பாத்தா பெரியப்பா மாதிரியா இருக்கு?” என்று மனைவியிடம் கேட்டான்.

“எனக்கு உங்க மூக்கு நுனி மட்டுந்தான் தெரியுது. அது பெரியப்பா மாதிரி இல்ல.”

அவன் சமாதானம் ஆகவில்லை. கொம்பில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறதாம், ஓடைத் தண்ணீரில் பார்த்தானாம். அது போன வருடமே மரத்தில் முட்டியதால் விழுந்தது என்று அவள் நினைவுபடுத்தினாள். அவன் காதில் ஏறவில்லை.

வாலடியில் ஊறும் மஞ்சள் எண்ணெயை மூக்கில் தடவி மினுக்கிக்கொள்வது இருவாச்சி ஆண்களின் வழக்கம். முன்பு காலையில் ஒருமுறை தடவுவான். இப்போது வேளைக்கு ஒருமுறை. தடவி, ஓடையில் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி தடவி, அவன் வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். அதற்குள் முட்டை பொரித்து வந்திருந்த குஞ்சு வெண்கண்ணியின் வயிற்றுக்கடியில் கத்திக்கொண்டிருக்கும்.

வெண்கண்ணிக்கும் யோசனைகள் உண்டு. இருட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை என்ன? இருபது வயதில் எதைப் பார்த்தாலும் அவசரமாக இருந்தது, இப்போது அந்த அவசரம் எங்கே போனதென்று தெரியவில்லை, போனதில் வருத்தமும் இல்லை. இதை அவனிடம் சொல்ல ஆசைப்பட்டாள். “எனக்குந்தான் முப்பது ஆகப்போவுது” என்று ஆரம்பித்தாள்.

“உனக்கென்ன, உள்ள இருக்கே. யாரு பாக்கப்போறா?” என்று சொல்லிவிட்டு அவன் பறந்து போனான்.

அந்தக் காட்டில் ஒரு கருமந்தி இருந்தது. ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாழ்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும். அதை அதன் சொந்தக் கூட்டமே மூன்று முறை அடித்து விரட்டியிருந்தது. ஊருக்குத்தானே உபதேசம்! செங்கண்ணன் தண்ணீரில் முகம் பார்ப்பதை அது சில நாட்களாகக் கவனித்தது. அதைவிடக் கவனமாக, அவன் தொண்டை பழத்தால் புடைத்திருப்பதையும் பார்த்தது.

“முப்பதுக்கு முன்னாடி எதையும் சாதிக்காதவன் முப்பதுக்கு அப்புறம் கிழிச்சதா சரித்திரமே கிடையாது” என்றது மந்தி. செங்கண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மேற்கொண்டு சொல்வதற்கு மந்தி பழம் கேட்டது, அவன் கொடுத்தான். அன்று முதல் பொந்துக்கு வரும் பழம் பாதியானது. பிறகு கால்வாசியானது. கேட்டால், மரங்கள் காய்ப்பதில்லை என்றான். பக்கத்து மரத்தில் புறாக்கள் தின்று தின்று துப்பும் ஓசை வெண்கண்ணிக்கு நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் வெறும் தொண்டையோடு வந்து நின்றான்.

“மொட்டைப்பாறை உச்சியில மூணு நாள் தனியா உக்காரப் போறேன்” என்றான். “மந்தியார் சொல்லிட்டாரு. நான் யாருன்னு கண்டுபிடிக்கணுமாம். கண்டுபிடிச்சா இளமை திரும்பிடுமாம். பாரமில்லாம போகணும்னு இருந்த பழத்தையும் அவர்கிட்ட இறக்கி வெச்சிட்டேன்.”

“நான் நூறு நாளா தனியாத்தான் உக்காந்திருக்கேன். எனக்கு ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு நான் யாருன்னு. வேணும்னா நீங்க யாருன்னும் சொல்றேன். மலை ஏற வேணாம்.”

“உனக்குப் புரியாது. முப்பதுங்கறது ஆம்பளைக்கு ஒரு கட்டம்.”

“புள்ள என்ன சாப்பிடும்?”

மூக்கு நுனி கீறலிலிருந்து கொஞ்சம் விலகியது. “ஒரு நாள் பட்டினி உடம்புக்கு நல்லதுன்னு மந்தியார் சொல்றாரு.”

“நீங்க போறது மூணு நாள்.”

“மூணு நாள்னா இன்னும் நல்லதாம்.”

சிறகோசை எழுந்து, மெலிந்து, அடங்கியது. விளையாட்டுக்குச் சொல்கிறான், திரும்பிவிடுவான் என்று வெண்கண்ணி மாலைவரை காது கொடுத்துக் காத்திருந்தாள். அவன் வரவில்லை.

அன்று பொந்துச் சுவரில் ஊர்ந்த வண்டு ஒன்றைப் பிடித்துக் குஞ்சுக்குக் கொடுத்தாள். மறுநாள் வண்டும் வரவில்லை. காலையில் குஞ்சு கத்தியது. வெயில் ஏறியபோது முனகியது. அதன்பின் சத்தமே இல்லை. கத்துகிற வரைக்கும் அவளுக்கு எரிச்சல்தான் இருந்தது. சத்தம் நின்றதும் பயம் வந்தது. குஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்து துவண்டு கிடந்தது.

அவள் வாசலைக் கொத்த ஆரம்பித்தாள். அவளே பூசிய சுவர்தான், உடும்பு நகத்துக்கும் அசையாது. இவ்வளவு அக்கறையாகக் கட்டித் தொலைத்திருக்க வேண்டாம் என்று தன்னையே திட்டிக்கொண்டு கொத்தினாள். மூக்கு வலித்தது. ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது, அவள் நிறுத்தவில்லை.

உடம்பை நெருக்கி வெளியே வந்து கிளையில் நின்றபோதுதான் நினைவு வந்தது, சிறகு உதிர்ந்தவளாயிற்றே! பயந்தபடி விரித்துப் பார்த்தாள். இருட்டுக்குள் புதுச்சிறகுகள் முளைத்து முடிந்திருந்தன. கறுப்பும் வெளுப்பும் பளபளவென்று இருந்தன. குஞ்சிடம், “உள்ளயே இரு கண்ணு, அம்மா வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுக் குதித்தாள். முதலில் கல்லைப்போல விழுந்தாள். பாதி வழியில் சிறகு காற்றைப் பிடித்தது.

முதல் பழத்தைக் குஞ்சு விழுங்கவில்லை. இரண்டாவதை அவள் நசுக்கிச் சாறாக வாயில் விட்டாள். மூன்றாவதற்கு அது தானாக வாயைத் திறந்தது. அப்போது வெண்கண்ணி கிளையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பொழுது சாய்வதற்குள் குஞ்சு தெம்பாகிவிட்டது. பெயர்ந்த மண்ணைக் குழைத்து, தன் குலவழக்கப்படி வாசலை உள்ளிருந்தே மறுபடி பூசி அடைத்துக்கொண்டது. ஒரு கீறல் மட்டும் விட்டது.

மூன்றாம் நாள் காலை வெண்கண்ணி ஆலமரத்தில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கனத்த சிறகோசை கேட்டது. செங்கண்ணன்! உச்சியில் ஞானம் வருவதற்குமுன் பசி வந்திருக்கிறது. மழையும் வந்திருக்கிறது. மூக்கிலிருந்த மஞ்சள் கரைந்து, வெளிறி, கோடு கோடாக வழிந்திருந்தது. வந்ததும் வராததுமாகத் தன் வயிறு நிறையத் தின்றான். தின்று முடித்தபிறகுதான் எதிர்க்கிளையில் ஒரு பெண் இருப்பதைப் பார்த்தான்.

நூறு நாளாக அவனும் அவளுடைய மூக்கு நுனியை மட்டுமே பார்த்தவன். உடம்பில் ஒரு பழைய சிறகுகூட இல்லாத இந்தப் பெண் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. கழுத்தை நிமிர்த்தினான். வெடிப்புத் தெரியாதபடி கொம்பைத் திருப்பிக்கொண்டான். நல்ல பழம் ஒன்றைப் பறித்து, மூக்கு நுனியில் ஏந்தி நெருங்கி வந்தான். பெண் கேட்டுப் போகும் இருவாச்சிகள் அப்படித்தான் செய்வார்கள்.

“நீங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசா?”

இருபது வருடக் குடித்தனத்தில் அவன் அவளை ‘நீங்க’ என்று சொன்னது அதுதான் முதல்முறை. ஓங்கி ஒரு கொத்து வைக்கலாமா என்று வெண்கண்ணிக்குத் தோன்றியது. எவ்வளவு தூரம் போகிறான் பார்ப்போம் என்று அடக்கிக்கொண்டு, குரலை மாற்றிப் பேசினாள்.

“ரொம்ப நாளா வெளிய வரல. உங்களுக்கு என்ன வயசு?”

“இருபத்து நாலு. மழையில நனைஞ்சதால கொஞ்சம் கூடத் தெரியும்.”

“குடும்பம்?”

ஒரு நொடி தயங்கினான். ஒரே நொடிதான். “நான் தனிக்கட்டை” என்றான்.

இரண்டு நாள் பட்டினியைக்கூட அவள் பொறுத்திருந்தாள். அந்தச் சொல் அவள் நெஞ்சைக் கிழித்தது. அவன் மூக்கிலிருந்த பழத்தை வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். அவன் ஆனந்தமாகப் பின்னால் பறந்தான். வழியில் ஒரு குட்டிக்கரணம்கூடப் போட்டான். பழக்கப்பட்ட அந்த மரம் கண்ணில் பட்டபோதுதான் அவன் சிறகு தடுமாறியது.

வெண்கண்ணி பட்டையைப் பற்றிக்கொண்டு பழத்தைக் கீறலில் நீட்டினாள். சின்ன மூக்கு அதை வாங்கிக்கொண்டது. பிறகு ஒரு சின்னக் கண் எட்டிப் பார்த்தது.

“அம்மா, இது யாரு?”

“தெரியல கண்ணு. இருபத்து நாலு வயசாம். தனிக்கட்டையாம்.”

“அப்போ அப்பா இன்னும் வரலியா?”

செங்கண்ணன் கிளையிலிருந்து விழாமல் நின்றது பெரிய காரியம். தான்தான் அந்த அப்பா என்று முணுமுணுத்தான். சும்மா விளையாட்டுக்குச் சொன்னதாகவும், அவளைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டதாகவும் இழுத்தான்.

“காதுல விழல” என்றாள் வெண்கண்ணி. “ஊரு முன்னாடி ஒத்துக்கறவங்களுக்குத்தான் இந்த வீட்டுல இடம்.”

இருவாச்சி வாயைத் திறந்தால் இரண்டு மலைக்குக் கேட்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்.

“எனக்கு முப்பது வயசு! கல்யாணம் ஆயிடுச்சு! இது எம்புள்ள!”

புறாக்கள் தின்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தன. பள்ளத்தாக்கு அதை மறுபடி ஒருமுறை சொல்லிக்காட்டியது. ஓடைக்கரைப் பாறையில் மந்தி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இன்னும் சில மாதத்தில் இரண்டு வயதாகப்போகும் அணில் ஒன்று கலங்கிய கண்ணோடு அதன் எதிரே உட்கார்ந்திருந்தது.

கீறலில் சின்னக் கண் அவனை மேலும் கீழும் அளந்தது.

“அப்பாவா? சரி, பழம் எங்க?”

செங்கண்ணனின் தொண்டை காலியாக இருந்தது. ஆலமரத்தில் தின்றதெல்லாம் அவன் வயிற்றில் இருந்தது. திரும்பிப் பறந்தான். அன்று மட்டும் பதினோரு நடை பழம் சுமந்தான். வெண்கண்ணி ஒரு நடைகூடப் போகவில்லை. மரத்தின் உச்சிக்கிளையில், நூறு நாளாகப் படாத வெயிலில், சிறகை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

முப்பது வயது யாரையும் கிழவனாக்குவதில்லை. பெற்ற பிள்ளையைப் பசியில் விட்டுவிட்டு இளமையைத் தேடிப் போகிறவன் சொந்த வீட்டு வாசலில் முன்பின் தெரியாதவனாக நிற்பான்.