வெள்ளச்சி மங்குவாளா?

ஒரு காலத்தில், காக்கை குருவி எட்டாத உயரத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றி வந்தன. மூத்தவர் பெயர் கதிரளந்தான். இளையவள் ஒளிமணி. இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். சூரியன் பூமிக்கு அனுப்பும் வெயில் எவ்வளவு, பூமி திருப்பி அனுப்புவது எவ்வளவு என்று அளக்க வேண்டும். வந்ததும் போனதும் சரியாக இருந்தால் பூமி சுகம். வந்தது உள்ளேயே தங்கிவிட்டால் காய்ச்சல். விஷயம் இவ்வளவுதான். ஆனால் கதிரளந்தான் வாயைத் திறந்தால் எதுவும் இவ்வளவில் முடியாது.

கீழே வடகடலில் வெள்ளச்சி என்றொரு பனித்திட்டு மிதந்துகொண்டிருந்தாள். பெரிய உடம்புக்காரி. வெயில் மேலே பட்டால் பட்ட வேகத்தில் திருப்பி அனுப்பிவிடுவாள், அப்படியொரு வெள்ளை. கொஞ்ச நாளாக அவளுக்கு உடம்பு சரியில்லை. ஓரமெல்லாம் உதிர்ந்தது. முதுகில் அங்கங்கே தண்ணீர் தேங்கியது.

காற்று வந்து பார்த்துவிட்டுப் பதறியது.

"அடியே, இங்கேயே கிடந்தா கரைஞ்சு போயிடுவே. இன்னும் வடக்கே போனா நல்ல குளிர் இருக்கு. வா, நான் தள்ளிக்கிட்டுப் போறேன். நான் திசை மாறிட்டேன்னா அப்புறம் என்னால ஒண்ணும் ஆகாது."

"கொஞ்சம் இரு. மேலே படிச்சவங்க இருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"உன் உடம்பு கரையறதை அவங்களைக் கேட்டா தெரிஞ்சுக்கணும்? நல்லா இருக்கே கதை!"

வெள்ளச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதிரளந்தான் தலைக்கு மேலே வந்ததும் குரல் கொடுத்தாள்.

"அண்ணே! பூமியில சூடு தங்குதா இல்லையா? தங்குதுன்னா நான் இப்பவே கிளம்பணும்."

"அவசரப்படாதே தாயி. பார்த்துச் சொல்றோம்."

பார்த்தார்கள். ஒளிமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணா, திரும்பி வர்ற வெளிச்சம் குறைஞ்சிருக்கு. வெள்ளச்சி மங்கலாத் தெரியறா. அவளைப் போகச் சொல்லுங்க!"

கதிரளந்தான் சிரித்தார்.

"நேத்து வேலைக்கு வந்த பொண்ணு நீ. வெள்ளச்சி மங்குவாளா? அவளை வெச்சுத்தானேம்மா நாம நம்ம கண்ணையே சோதிக்கிறோம்!"

அவர்கள் வழக்கம் அப்படி. வெட்டவெளியில் நாள்பட நாள்படக் கண்ணாடி மங்கிப் போகும். அதனால் என்றைக்கும் மாறாத ஒரு பொருளைப் பார்த்துப் பார்வையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மாறாத பொருள் என்று அவர்கள் பிடித்து வைத்தது வெள்ளச்சியை. அவள் மங்கலாகத் தெரிந்தால் தங்கள் கண்ணில் கோளாறு என்று அர்த்தம். அவள் பழைய வெள்ளைக்கு வரும்வரை, பார்த்த எல்லாவற்றின் வெளிச்ச அளவையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணா. கண்ணைச் சோதிச்சுக்க எனக்குள்ளேயே ஒரு விளக்கு வெச்சு அனுப்பியிருக்காங்க. அது அப்படியேதான் தெரியுது."

"அது உன் வீட்டு விளக்கு, உனக்குச் சாதகமாத்தான் பேசும். வெள்ளச்சி ஊருக்கே பொதுச் சாட்சி. ஏத்து, ஏத்து."

மேலே பேசினால் திமிர் பிடித்தவள் என்பார்கள். ஒளிமணி ஏற்றினாள். படத்தில் வெள்ளச்சி வெளுத்தாள், கூடவே பாலைவனமும் மேகமும் கடலும் வெளுத்தன. திரும்பிப் போகும் வெளிச்சம் கூடியது. வந்ததும் போனதும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன.

"வெள்ளச்சி! ஒரு குறையும் இல்லை. இருந்த இடத்திலேயே இரு. நீ நகர்ந்தா எங்க அளவெல்லாம் கெட்டுப்போயிடும்."

"எனக்குக் கரையற மாதிரியே இருக்கே அண்ணே?"

"எல்லாம் மனப்பிரமை. வேற நல்ல விஷயமா நினைச்சுக்கோ."

அவள் நம்பினாள். பாவம், பெரியவர்கள் சொன்னால் நம்பிவிடுகிற ஜாதி. காற்று தலையில் அடித்துக்கொண்டு திசை மாறிப் போயிற்று.

அடுத்த கோடையில் அந்த இடத்துக்கு மேலே வந்தபோது ஒளிமணி அலறினாள்.

"அண்ணா! வெள்ளச்சியைக் காணோம். வெறும் கறுப்புத் தண்ணிதான் கிடக்கு!"

கதிரளந்தானும் குனிந்து பார்த்தார். அவருக்கும் கறுப்பாகத்தான் தெரிந்தது. ஒரு நொடி அவர் முகம் வாடியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே, அது உடனே கைகொடுத்தது.

"அடக் கடவுளே, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கண்ணு அவிஞ்சு போச்சே! சரி, ஏத்து."

"எவ்வளவு அண்ணா?"

"அவ வெள்ளையாகிற வரைக்கும்."

கறுப்புத் தண்ணீர் வெள்ளையாகும் வரைக்கும் ஏற்றினார்கள். அந்த ஏற்றத்தில் பாலைவனம் கண்ணைப் பறித்தது. மேகங்களைப் பார்க்கவே முடியவில்லை. சூரியன் அனுப்பியதைவிடப் பூமி திருப்பி அனுப்புவது அதிகம் என்று வந்தது.

"பூமி குளிர்ந்துக்கிட்டிருக்கு!" கதிரளந்தான் சந்தோஷத்தில் கத்தினார். "வெள்ளச்சி! கேட்டியா? இனிமே உனக்கு நல்ல காலம்தான்!"

கீழே அலை மட்டும் புரண்டது.

"பதிலே இல்லையே அண்ணா," என்றாள் ஒளிமணி.

"சந்தோஷத்துல வாயடைச்சுப் போயிருப்பா. நீ படத்தை அனுப்பு."

அன்றைக்கு அவர்கள் கீழே அனுப்பிய படத்தில், வெள்ளச்சி எந்தக் காலத்திலும் இல்லாத வெள்ளையாக இருந்தாள்.